பலத்தின் மேல் சுமத்திய பழி

ஜான் ஸ்டெயின்பெக் 1937-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ என்னும் சிறு நாவலைப் படித்தவர்களிடத்தும், படித்தவர் சொல்லக் கேட்டவர்களிடத்தும், பரீட்சைக்காக அதன் சுருக்கத்தை மட்டும் உருப்போட்டவர்களிடத்தும் ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அக்கதையில் வரும் பண்ணைக் கூலியாள் லென்னி ஸ்மால், தன் பலத்தைத் தானே அறியாத பேருடலன். அவன் தொட்டதெல்லாம் நசுங்கும். சுண்டெலி முதல் இளம்பெண் வரை அவன் கைப்பட்ட உயிர்கள் மாண்டது அளவு மீறிய சரீர பலத்தின் தவிர்க்கவொண்ணாத விளைவு. ஆகவே, கடைசியில் அவனுடைய தோழன் ஜார்ஜே அவனைச் சுட்டுக் கொல்வது பரிதாபமானதாயினும் வேறு கதியற்ற முடிவு என்பதே அந்த அபிப்பிராயம். ‘ஆள் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை’ என்று நம் ஊர்த் திண்ணைகளில் எந்தப் பலசாலியைப் பற்றியும் யோசனையின்றிச் சொல்லிவிடுகிறோமே, அதே வார்த்தைதான் கல்லூரி மேடைகளில் சற்று உயர்ந்த உடை உடுத்துக்கொண்டு வருகிறது. லென்னி பலசாலி என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பலம் கட்டுக்கடங்காதது என்பதையும், கதையில் நேர்ந்த மரணங்களுக்கு அதுவே குற்றவாளி என்பதையும் நான் ஒப்பவில்லை. நாவலின் பக்கங்களே அதற்கு இடங்கொடுக்கவில்லை என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

முதலில் அவன் பலம் எவ்வளவு என்று கேட்போம். பேருடலன், அகன்று சரிந்த தோளினன், தளர்ந்து தொங்கும் கையினன் என்று சொல்வதற்கு மேல் அவனுடைய உயரம் இத்தனை அடி, எடை இத்தனை ராத்தல் என்று ஆசிரியர் ஓரிடத்திலும் குறிக்கவில்லை. எண்ணிக்கையாக நமக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: நானூறு ராத்தல் எடையுள்ள பொதியை அவன் தூக்கி வைப்பான் என்பது. நானூறு ராத்தல் என்றால் நம் கணக்கில் 181 கிலோ. வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவன் கையால் சுமக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-இல் சிபாரிசு செய்தது. அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல்! இந்த எண்ணைக் கண்டவுடன் விமரிசகர்களுக்குப் புல்லரித்துவிடுகிறது. கடோத்கசன் ஒருவனைக் கண்டுவிட்டோம் என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால், அந்த எண்ணைச் சொன்னவர் யார், எந்தச் சமயத்தில், யாரிடத்தில் சொன்னார் என்று எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்? சொன்னவன் ஜார்ஜ். கேட்டவர் பண்ணை முதலாளி. காலையிலேயே வந்து சேர வேண்டிய கூலியாட்கள் தாமதித்து வந்ததில் எரிச்சல் கொண்டும், இந்தப் பெரிய ஆள் ஏன் வாய் திறப்பதில்லை, இவன் கூலியை அந்தச் சிறிய ஆள் பிடுங்கிக்கொள்கிறானோ என்று சந்தேகம் கொண்டும் அவர் குறுக்கு விசாரணை செய்கிற தருணம் அது. அதே விசாரணையில், லென்னி தனக்கு உறவினன் என்று ஜார்ஜ் சொல்கிறான், அது பொய். சிறு வயதில் குதிரை உதைத்துத் தலையில் அடிபட்டவன் என்று சொல்கிறான், அதுவும் பொய். இரண்டையும் பொய் என்று நாவலே ஒத்துக்கொண்டிருக்க, அதே நாக்கிலிருந்து அதே நிமிஷத்தில் வந்த மூன்றாவது வாக்கை மட்டும் தராசில் நிறுத்த சத்தியமாக எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? சந்தையில் மாட்டை விற்க நிற்பவன் சொல்லும் சுழியையும் பல்லையும் கேட்டுவிட்டு அதை மிருக வைத்தியரின் சான்றிதழாக எழுதிக்கொள்வது போன்றது இது.

நம்பத்தக்க சாட்சி வேறொருவன் இருக்கிறான். ஸ்லிம் என்னும் கோவேறு கழுதை வண்டியோட்டி. பத்தும் பதினாறும் இருபதுமாகப் பூட்டிய கழுதைகளை முன்னணிக் கழுதைகளுக்குச் செல்லும் ஒற்றைக் கயிற்றால் நடத்த வல்லவன். பண்ணையில் அவன் வார்த்தைக்கு முதலாளி வார்த்தையை விட மதிப்பு அதிகம். வெள்ளிக்கிழமை மாலை அவன் ஜார்ஜிடம் சொல்வதன் சாராம்சம் இது: இப்படியொரு வேலைக்காரனைத் தான் கண்டதில்லை, பார்லி மூட்டை ஏற்றுவதில் கூட்டாளியின் உயிரே போய்விடும் போல் ஆயிற்று, அவனுக்கு ஈடுகொடுக்க அங்கு ஒருவருமில்லை. இதைச் சொல்கிறவன் தொழிலறிந்தவன். விற்கிறவனும் அல்லன், வாங்குகிறவனும் அல்லன். அவன் சொல்லில் லென்னி எதையும் உடைத்ததாகவோ, மூட்டையைக் கிழித்ததாகவோ, வண்டியைச் சாய்த்ததாகவோ, கூட்டாளியின் விரலை நசுக்கியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. அவன் கண்டது வேகம், அயராமை, தொடர்ச்சி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் என் வாதத்தின் கடைக்கால் இதுவே. நாவல் வியாழக்கிழமை மாலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடிகிறது. இடையில் லென்னி அந்தப் பண்ணையில் வேலை செய்தது வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் மட்டுமே. அந்த ஒன்றரை நாள் உழைப்பில் ஒரு நிமிஷத்தைக்கூட ஆசிரியர் நமக்குக் காட்டவில்லை. ஆற்றங்கரை, கூலியாட்கள் படுக்கும் கொட்டகை, லாயக்காரன் க்ரூக்ஸின் அறை, வைக்கோல் நிறைந்த கொட்டாரம், மீண்டும் ஆற்றங்கரை என்று கதை நடக்கும் இடங்களெல்லாம் ஓய்வு வேளைக்குரிய இடங்கள். பாரம் தூக்கப் பிறந்தவன் என்று எல்லாரும் சொல்லும் ஒருவன் பாரம் தூக்குவதை நாம் ஒருமுறையும் பார்ப்பதில்லை. அவன் சும்மா இருக்கும்போது நேர்ந்தவற்றை மட்டும் கண்டுவிட்டு, ‘இவனுக்குத் தன் பலத்தை ஆளத் தெரியாது’ என்று தீர்ப்பெழுதுகிறோம். தச்சனை அவன் பட்டறையில் பாராமல் பந்தியில் பார்த்துவிட்டு, அவன் கை திருத்தமற்றது என்று எவரேனும் சொல்லத் துணிவார்களா?

மூட்டை ஏற்றுதல் என்பதும் வெறும் முரட்டு வேலை என்று நினைப்பவர்கள், மூட்டையை வாழ்நாளில் தொட்டறியாதவர்கள். அக்காலத்துக் கலிபோர்னியாவில் தானியம் பெரும்பாலும் சணல் சாக்குகளில்தான் போயிற்று. சாக்குகள் நம் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிப் போயின. போதாததற்கு, ஸான் க்வென்டின் சிறைச்சாலையில் கைதிகளைக் கொண்டே ஒரு சணலாலையும் நடத்தி விவசாயிகளுக்குச் சாக்கு விற்றார்கள். ஸலினாஸ் பள்ளத்தாக்கின் ஒரு களத்தில், கதிரடிக்கும் யந்திரத்தின் வாயில் சாக்கைப் பிடித்து, நிரம்பியதும் வாயைத் தைத்து, அடுக்கி, வண்டியில் ஏற்றுவது வரை எல்லாம் ஆள் கையால் நடந்தது. மூட்டையைத் தூக்குகிறவன் அதன் இரு காதுகளையும் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்க வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் தையல் விட்டுப்போம். தளர்த்தினால் கால்மேல் விழும். முழங்காலால் ஓர் உந்து கொடுத்து, மூட்டை தானாக எழும்பும் அந்தக் கணத்தில் தோளைக் கொடுத்து, வண்டியில் இருப்பவன் கை நீட்டும் நொடிக்குச் சரியாக விட வேண்டும். நம் ஊர்க் களத்து மேட்டிலும் அரிசி மண்டியிலும் மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டால், தூக்குவதில் பாதி, விடுவதில் பாதி என்பார்கள். ஒரு பிற்பகல் முழுவதும் ஒருவரும் ஈடுகொடுக்க முடியாதபடி இதைச் செய்தவன், எத்தனை இறுக்கினால் எது தாங்கும் என்று அறியாதவனாக இருக்க முடியுமா?

‘அப்படியானால் எலிகள் செத்தது எப்படி? நாய்க்குட்டி செத்தது எப்படி?’ என்று ஆக்ஷேபம் வரும். ஒவ்வொன்றாகவே பார்ப்போம். லென்னியின் கிளாரா அத்தை கொடுத்த சுண்டெலிகள் அவன் விரலைக் கடித்தன, அவன் அவற்றின் தலையை லேசாகக் கிள்ளினான், அவை செத்தன. சுண்டெலியின் தலையைக் கிள்ளிக் கொல்வதற்கு நானூறு ராத்தல் தூக்கும் புஜம் வேண்டியதில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் இரண்டு விரல் போதும். அதைவிட முக்கியமானது, அதைப் பற்றி லென்னியே சொல்லும் காரணம். அவை அவ்வளவு சின்னவையாக இருந்ததால் செத்தன என்கிறான். முயல்கள் அத்தனை சின்னவை அல்ல, ஆகையால் சீக்கிரம் முயல் வாங்க வேண்டும் என்கிறான். தன் பலத்தைத் தானறியாதவன் பேசுகிற பேச்சா இது? தன் விரலின் வலிமைக்கும் தான் தொடும் பொருளின் மென்மைக்கும் உள்ள தாரதம்மியத்தை அவன் உணர்ந்திருக்கிறான். உணர்ந்ததோடு, தன் அறிவுக்கு எட்டிய ஒரு பரிகாரத்தையும் யோசித்து வைத்திருக்கிறான். முயல் வளர்க்கும் ஆசையை ஒரு பேதையின் பிதற்றலாகவே வாசித்துப் பழகிய நமக்கு, அதற்குள் ஒளிந்திருக்கும் இந்த ஜாக்கிரதை புலப்படுவதேயில்லை.

நாய்க்குட்டியின் கதையும் அதுவே. ஸ்லிமின் நாய் ஒன்பது குட்டி போட்டது. அவற்றில் நான்கைத் தாய்க்குப் பால் போதாதென்று ஸ்லிமே உடனே நீரில் அமுக்கிக் கொன்றான். இதைக் கொலை என்று யாரும் சொல்வதில்லை. பண்ணை நிர்வாகம் என்கிறார்கள். மிஞ்சிய ஐந்தில் ஒன்று லென்னிக்குக் கிடைத்தது. அது கடிக்க வருவதுபோல் விளையாடிற்று; இவன் அடிப்பதுபோல் கையோங்கினான்; அடி பட்டுவிட்டது. தாயின் மடியை விட்டு எடுக்கக்கூடாத பச்சைக் குட்டி அது. எந்தக் கூலியாளின் புறங்கை பட்டாலும் செத்திருக்கும். முதலாளியின் மருமகளான அந்த இளம்பெண்ணின் மரணமும், ஆற அமர வாசித்தால், புஜபலத்தின் அதிசயமாகத் தோன்றவில்லை. வாயையும் மூக்கையும் பொத்திப் பிடித்த ஒரு தலையை உடல் துள்ளத் துள்ளக் குலுக்கினால் கழுத்து முறிவது, குலுக்குபவன் அசுரன் என்பதை நிரூபிப்பதைவிட, கழுத்து எத்தனை மெல்லியது என்பதையே நிரூபிக்கிறது.  இந்தப் பட்டியலில் அபூர்வமான பலத்துக்கு மெய்யான அத்தாட்சி ஒன்றே: முதலாளியின் மகனும், குத்துச்சண்டைக்காரனுமான கர்லியின் கை எலும்புகள் அவன் பிடிக்குள் நொறுங்கியது.

அந்தச் சம்பவத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். லென்னி, தாங்கள் வாங்க ஆசைப்பட்ட சொந்த நிலத்தையும் அதில் வளர்க்கப்போகும் முயல்களையும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தன்னைத்தான் பரிகசிக்கிறான் என்று கர்லி அவன்மேல் பாய்ந்தான். மூக்கில் ரத்தம் ஒழுகக் குத்து விழுந்துகொண்டே இருக்க, லென்னி கையை உயர்த்தவில்லை, சுவரோரம் ஒதுங்கினான், முகத்தை மூடிக்கொண்டு ஜார்ஜைக் கூப்பிட்டுக் கதறினான். பொறுக்கமாட்டாமல் ஸ்லிம் தானே குறுக்கிடப் பாய்ந்தபோது, ஜார்ஜ் அவனைப் பிடித்து நிறுத்தினான். பிறகு லென்னியை நோக்கி, பிடி என்று கட்டளையிட்டான். கட்டளை பிறந்த பிறகே அந்தக் கை எழுந்தது. வருகிற முஷ்டியைப் பிடித்தது. பிடித்தது பிடித்தபடியே நின்றது. விடு, விடு என்று ஜார்ஜ் கூச்சலிட்டுக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தும் அது விரியவில்லை. லென்னியின் முகம் பயத்தால் வெளிறியிருந்தது. நெடுநேரம் கழித்துத் திடீரென்று விட்டுவிட்டுச் சுவரோரம் குன்றிப்போய் நின்றான். இதில் பலத்தின் அராஜகம் எங்கே இருக்கிறது? அத்தனை பலமும் அத்தனை குத்துக்களுக்கும் இடையில் கட்டுக்குள்தான் இருந்தது. அவிழ்த்துவிட்டவன் அறிவுள்ள தோழன்.

அவனுடைய உண்மையான குறைபாடு எதுவென்று இந்தச் சம்பவமே காட்டுகிறது: பயந்துவிட்டால் அவன் கை விரிவதில்லை. வீட் என்னும் ஊரில் அவர்கள் முன்பு வேலை செய்தபோது ஒரு பெண்ணின் சிவப்பு உடையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டுப் பிடித்தான், அவள் அலறினாள், அலறலில் இவன் மிரண்டான், மிரண்டதால் இறுகப் பற்றினான். வேலிக் கம்பால் ஜார்ஜ் தலையில் அடித்த பிறகே பிடி தளர்ந்தது. அங்கே ஓர் எலும்பும் முறியவில்லை, ஒரு துளி ரத்தமும் சிந்தவில்லை. ஆயினும் ஊரே திரண்டு துரத்த, இருவரும் வாய்க்கால் நீருக்குள் ஒளிந்து கிடந்து தப்பினார்கள். பலமே குற்றவாளி என்பவர்கள் இந்த வீட் சம்பவத்தை எப்படி விளக்குவார்கள்? லென்னிக்குப் பதிலாக ஒரு நோஞ்சான் அந்தத் துணியைப் பற்றியிருந்தாலும் அதே கூச்சல், அதே துரத்தல், அதே வாய்க்கால்தான். பண்ணைக் கொட்டாரத்திலும் அதே வரிசை. கர்லியின் மனைவி அவன் கையைத் தானே எடுத்துத் தன் தலைமேல் வைக்கிறாள், அவன் மெல்லவே தடவுகிறான், சிகை கலைகிறதென்று அவள் உதறுகிறாள், கை மூடிக்கொள்கிறது, அவள் அலறுகிறாள், அலறல் வெளியே கேட்டால் ஜார்ஜ் கோபித்து முயல் தராமல் போவான் என்ற பீதி பிறக்கிறது. தசை எத்தனை பருத்ததாயினும் அது இங்கே கருவி மாத்திரம், கர்த்தா பயம்.

அந்தப் பயத்தை வேளை தவறாமல் ஊட்டி வளர்த்தவர்கள் யார் என்று கேட்டால் அபிப்பிராயக்காரர்களுக்குக் கஷ்டமாகிவிடும். பேசாதே, தொடாதே, தவறினால் முயல் கிடையாது என்று ஓயாமல் மிரட்டுகிற அன்பு ஒரு பக்கம். சிறிய ஆளாகப் பிறந்த வன்மத்தைப் பெரிய ஆட்கள்மேல் தீர்க்கிற கர்லி ஒரு பக்கம். வேலை போனால் சோறு போயிற்று என்னும் 1930-களின் பஞ்சகாலம் எல்லாப் பக்கமும். இத்தனையையும் விட்டுவிட்டு, ‘பாவம், அவன் பலம் அவனுக்குத் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டால் ஒருவரும் நொந்துகொள்ள வேண்டியதில்லை. நான் இதைச் சௌகரியமான அபிப்பிராயம் என்பது இதனால்தான்.

ஜார்ஜின் எலும்புகளை ஒன்றுவிடாமல் முறிக்க லென்னியால் முடியும். எத்தனை அடித்தும் ஒரு விரலை அவன் ஜார்ஜின் மேல் உயர்த்தியதில்லை என்று ஜார்ஜே சொல்கிறான். க்ரூக்ஸின் அறையில், ஜார்ஜுக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால் என்ன செய்வாய் என்று அவன் சீண்டியபோது லென்னி எழுந்து அவனை நோக்கி நடக்கிறான். யாரும் ஜார்ஜைத் துன்புறுத்தவில்லை, உட்கார் என்ற ஒரு வார்த்தையில் உட்கார்ந்தும் விடுகிறான். ஒரு சொல்லில் புறப்படுவதும் ஒரு சொல்லில் நிற்பதுமான பலத்தைக் கட்டற்ற பலம் என்பது பாஷையைத் துஷ்பிரயோகம் செய்வதாகும். அவனுடைய ஆபத்து, கீழ்ப்படியாமையில் இல்லை, கீழ்ப்படிதலிலேயே இருக்கிறது. ஸாக்ரமென்டோ ஆற்றங்கரையில் கூட்டாளிகள் சிரிக்க வேண்டுமென்று ஜார்ஜ் ஒருநாள், குதி என்றான். நீச்சல் ஒரு கை வீச்சும் தெரியாத அவன் குதித்தான். முழுகிச் சாக இருந்தவனைக் கரை சேர்த்த பிறகு, குதிக்கச் சொன்னதை மறந்து, காப்பாற்றியதற்கு நன்றி பாராட்டினான். இத்தனை பெரிய தேகம் நாலு முழத் தண்ணீரில் கதியற்றுப் போகும் என்பதை, அவனுடைய சரீர சாமர்த்தியங்களை விஸ்தாரமாக வருணிப்பவர்கள் ஏன் சொல்வதில்லையோ தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டாளியின் உயிரே போகும்போல் ஆயிற்று என்று ஸ்லிம் சொன்னதில் புகழ்ச்சிக்குள் ஒரு குறையும் அடங்கியிருக்கிறது. எதிரில் இருப்பவன் களைக்கிறான், அவனுக்காக நாமும் சற்று மெல்லச் செய்வோம் என்ற உணர்வு லென்னிக்கு எழவில்லை. இது அவன் பிறரை அறியாத குறை. தன்னை அறியாத குறையாகாது. அன்றியும், களத்தில் ஒருவன் அசுர வேகத்தில் உழைத்தால் லாபம் யாருக்கு? மாதம் ஐம்பது டாலர் கூலிதான் லென்னிக்கும். ஐம்பது டாலர்தான் ஜார்ஜுக்கும். மிகுந்த பாரமெல்லாம் முதலாளியின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. அவர் ஒருவர்தான் அந்தப் பலத்தைப் பற்றி ஒரு குறையும் கூறவில்லை.

ஆசிரியரே அவனைக் கரடிக்கும் குதிரைக்கும் ஒப்பிட்டிருக்கிறாரே என்பது அடுத்த ஆக்ஷேபம். உண்மைதான், நாவலின் தொடக்கத்தில் கரடி பாதம் இழுப்பதுபோல் கால் இழுத்து நடக்கிறான். ஆனால், கடைசி அத்தியாயத்தில் புதரிலிருந்து அவன் வெளிப்படும்போது, பதுங்கி வரும் கரடியைப் போல் அரவமில்லாமல் வந்தான் என்று அதே ஆசிரியர் எழுதுகிறார். முதற் கரடியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டாம் கரடியை ஒருவரும் காட்டுவதில்லை. சருகு நிறைந்த ஆற்றங்கரையில் ஓசைப்படாமல் வருவதற்கு உடலின்மேல் எத்தனை ஆட்சி வேண்டும்! அதே கரையில் முதல்நாள் மாலை, ஜார்ஜ் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததைக் கண்டு, தானும் முழங்காலை இழுத்து, கையைக் கோத்து, சரியாக வந்ததா என்று ஓரக்கண்ணால் பார்த்து, தொப்பியையும் அவன் போலவே கண்மேல் தாழ்த்திக்கொள்கிறான். தேகத்தை இவ்வளவு நுட்பமாகத் திருத்திக்கொள்ளும் ஒருவனைத் தடியன், மூடன் என்று ஒதுக்குவது, வாசிப்பில் உள்ள சோம்பலையே காட்டுகிறது.

பண்ணையில் உள்ள மற்ற தேகங்களையும் பார்க்க வேண்டாமா? கிழக் கூலியாள் கேண்டிக்கு ஒரு கை யந்திரத்தில் போயிற்று. அதற்கு இருநூற்றைம்பது டாலர் கொடுத்துத் துடைப்பத்தையும் கையில் கொடுத்தார்கள். க்ரூக்ஸின் முதுகு குதிரை உதைத்து வளைந்தது. கேண்டியின் கிழநாயைக் கிழம் என்பதற்காகவே சுட்டார்கள். உறுப்புக் குறைந்தவர்கள் நிறைந்த அந்தப் பண்ணையில் எல்லா உறுப்பும் செவ்வனே அமைந்து, சொன்னதைச் செய்கிற தேகம் லென்னியினுடையது. ஊனமானது என்று உலகம் தீர்மானித்ததும் அதையே.

இந்தத் தீர்மானத்தில் நாடக மேடைக்கும் திரைக்கும் பங்குண்டு. 1939-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த படத்தில் லென்னியாக நடித்த லான் சேனி ஜூனியர் திறமைசாலியே. எனினும் அடுத்த சில ஆண்டுகளில் அதே நடிகர் ஓநாய் மனிதனாகவும் ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாகவும் நடிக்க, ஜனங்களின் ஞாபகத்தில் மூவரும் ஒரே வரிசையில் நின்றுவிட்டார்கள். போதாக்குறைக்கு, கார்ட்டூன் படக்காரர்கள் அந்தக் குரலையும் நடையையும் எடுத்து, முட்டாள் நாய்களுக்கும் பூனைகளுக்கும் பூட்டிச் சிரிக்க வைத்தார்கள். நாவலைத் திறக்கும் முன்பே அதன் நாயகனைப் பற்றிய சித்திரம் வாசகனின் மனத்தில் தயாராக இருந்தது.

சித்திரத்தோடு நின்றிருந்தால் இத்தனை சினம் கொள்ள வேண்டியதில்லை. அறிவு வளர்ச்சி குன்றியவருக்கு மரண தண்டனை விதிக்கலாகாது என்று 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் யார் அந்த வகையினர் என்று வரையறுக்கப் புகுந்த டெக்ஸாஸ் மாநிலத்துக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2004-இல் எழுதிய தீர்ப்பில், ஸ்டெயின்பெக்கின் லென்னிக்கு விலக்களிக்க மாநிலத்துப் பிரஜைகளில் பெரும்பாலோர் இசையலாம் என்று கற்பனைப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து உரைகல்லாக நிறுத்தியது. காரியத்தைத் திட்டமிட்டுச் செய்கிறானா, பொய் சொல்ல வல்லவனா என்றெல்லாம் கேள்விகளையும் அடுக்கியது. அந்த அளவுகோலின் கீழ் ஒரு கைதி 2012-இல் தண்டனை நிறைவேற்றப்பட்டு இறந்தபோது, ஆசிரியரின் மகன் தாமஸ் ஸ்டெயின்பெக், தம் தந்தையின் கதை இந்தக் காரியத்துக்குப் பயன்பட்டதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விகளை 2017-இல்தான் நிராகரித்தது. டெக்ஸாஸ் நீதிமன்றத்தார் நாவலைத் திருப்பிப் பார்த்திருந்தால், லென்னி முதல் அத்தியாயத்திலேயே செத்த எலியைச் சட்டைப்பையில் ஒளித்துவிட்டு இல்லையென்று பொய் சொல்வதையும், நாய்க்குட்டியை மேலுடைக்குள் மறைத்துக் கொட்டகைக்குக் கடத்துவதையும், ஆபத்து நேர்ந்தால் ஒளிந்துகொள்ள ஜார்ஜ் அடையாளம் சொன்ன புதருக்கு வழி மறவாமல் திரும்புவதையும் கண்டிருப்பார்கள். ஊரார் மனத்தில் இருந்த லென்னிக்குத்தான் அவர்கள் விலக்களித்தார்கள். புத்தகத்தில் இருக்கும் லென்னி அவர்கள் கையில் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நினைக்கவே அச்சமாயிருக்கிறது.

இறுதியாக ஒன்று. ஸ்டெயின்பெக் ஸலினாஸில் பிறந்தவர். இளமையில் பண்ணைகளில் கூலி வேலையும் செய்தவர். நாவல் வெளிவந்த 1937-ஆம் ஆண்டிலேயே பத்திரிகை நிருபர் ஒருவரிடம் அவர், லென்னி தம்மோடு பல வாரங்கள் வேலை செய்த ஒரு மெய்யான மனிதன் என்றும், அவன் இப்போது பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றும், அவன் கொன்றது ஒரு பெண்ணை அன்று, பண்ணைக் கங்காணியை என்றும் சொன்னார். அவனுடைய நண்பனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்; அந்தக் கோபத்தில், வைக்கோல் வாரும் கவைமுள்ளை எடுத்துக் கங்காணியின் வயிற்றில் பாய்ச்சிவிட்டான். கதாசிரியர்கள் நிருபர்களிடம் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம். சொன்னபடியே வைத்துக்கொண்டால், அந்த மெய்யான மனிதனின் செயலில் அறியாமல் இறுகிய பிடி ஏது? அதற்கு ஒரு காரணம் இருந்தது, ஓர் எதிரி இருந்தான், கையில் ஆயுதம் இருந்தது. அவன் தோளின் அகலத்துக்கு அதில் வேலையே இல்லை. தேர்ந்த கலைஞராதலால் ஸ்டெயின்பெக் கங்காணியை அகற்றிவிட்டுப் பெண்ணை வைத்தார், கவைமுள்ளை அகற்றிவிட்டு வெறுங்கையை வைத்தார், கோபத்தை அகற்றிவிட்டுப் பயத்தை வைத்தார். அவர் கவனமாக எழுதி வைத்த அந்தப் பயத்தைத் தாண்டிப் போய், அவர் எழுதாத ஒரு பூதத்தின் புஜத்தை வாசகர்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அளந்துகொண்டிருக்கிறார்கள்.